மாலை போட்டவர் வாயில் பூண்டு வாசனை

நம் டயட்டீஷியன்கள் வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒரு பெண் கேட்டிருந்தாள்: “மேடம், செலினியம் நல்லதா, கெட்டதா? பேஷன்ட் கேட்டா ஒரே வரியில என்ன சொல்றது?” ஒரே வரியில் வேண்டுமாம்! அம்பத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் உணவு ஆலோசகராக உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலி தேய்ந்து ரிட்டயர் ஆனவள் நான். என் வாழ்நாளில் எதையும் ஒரே வரியில் சொன்னதில்லை. சந்தேகமிருந்தால் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அவர் கதை கதையாகச் சொல்வார்.

சரி, கேட்டுவிட்டாள், சொல்லிவிடுகிறேன். செலினியம் உடம்புக்கு வேண்டும். தைராய்டு ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் வேண்டும், நோய் எதிர்ப்புக்கு வேண்டும். மண்ணிலேயே அது ரொம்பக் குறைந்துபோன சில தேசத்துப் பகுதிகளில் இதயத் தசையே தளர்ந்து போனதுண்டு. ஆனால் வேண்டியது கண்ணுக்கே தெரியாத அளவு. மீன், முட்டை, கறி, கோதுமை, பருப்பு என்று கலந்து சாப்பிடுகிறவர்களுக்கு அநேகமாக அதிலேயே கிடைத்துவிடும். அந்த அளவைத் தாண்டி நாள்தோறும் உள்ளே போனால் அது சும்மா விடாது. சாம்பாரில் உப்பு மாதிரிதான், இல்லாவிட்டாலும் வாயில் வைக்க முடியாது, கொட்டிவிட்டாலும் வைக்க முடியாது.

இது நீங்கள் பரீட்சைக்குப் படித்த சங்கதி. நான் சொல்ல வந்தது வேறு. பட்டாபிராமில் ஒரு மனுஷரின் மானத்தை இந்தச் செலினியம் எப்படிச் சந்தி சிரிக்க வைக்கப் பார்த்தது என்பதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி, “நாலு பேருக்குச் சொல்லுங்க மேடம்” என்று அவர்களே அனுமதி கொடுத்த கதைதான்.

அது ஒரு கார்த்திகை மாதம். கார்த்திகை பிறந்தால் எங்கள் ஓ.பி.யில் எனக்கு வேலை இரட்டிப்பாகிவிடும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், “நான் ஒருவேளைதான் சாப்பிடுவேன்” என்பார். கால் மரத்துப்போன இன்னொருவர் செருப்பே போடமாட்டேன் என்று வெறுங்காலோடு வந்து நிற்பார். நான் சண்டைக்குப் போகமாட்டேன். சாமியோடு சண்டை போட்டு ஜெயிக்கிற காரியமா அது? எந்த வேளையைத் தள்ளலாம், எதைத் தள்ளவே கூடாது என்று காய்கறிக் கடையில் பேசுவது போலப் பேரம் பேசுவேன். அநேகமாகப் பேரம் படிந்துவிடும்.

அப்படி ஒரு காலை வேளையில் வந்தவர்தான் ஏழுமலை. ஐம்பது வயதைத் தாண்டியவர். எஸ்டேட்டில் ஒரு பம்பு தயாரிக்கும் பட்டறையில் மேஸ்திரி. கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். மாலை போட்டவர்கள் சவரம் செய்யமாட்டார்கள் அல்லவா, அந்தச் சமயத்தில் எல்லோருக்கும் தாடி மண்டிக் கிடக்கும். இவர் தாடியோ அங்கங்கே திட்டுத் திட்டாக உதிர்ந்திருந்தது. தலையிலும் அப்படித்தான். சில வாரங்களுக்கு முன்பே தோல் டாக்டரிடம் வந்து முடி உதிர்வுக்கு மாத்திரை வாங்கிப் போயிருக்கிறார். நிற்கவில்லை, கூடுதலாகத்தான் உதிர்ந்தது. அதனால் அந்த டாக்டர் என்னிடம் அனுப்பிவிட்டார், சாப்பாட்டில் புரதம் போதுமா என்று பார்க்கச் சொல்லி. கூட அவர் மனைவி கஸ்தூரி வந்திருந்தாள்.

“காலைல என்ன சாப்பிட்டீங்க சாமி?” என்று நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான். மனுஷர் பொங்கி எழுந்துவிட்டார். “இன்னா துன்னே, இன்னா துன்னேன்னு எல்லாரும் இத்தயே கேளுங்க! ஊர்ல கீறவன்லாம் அத்தயே கேக்கறான், இங்க வந்தா நீங்களும் அத்தயே கேக்கறீங்க!” என்று மேஜையில் அறைந்தார். அடுத்த கணமே மாலையைப் பிடித்துக்கொண்டு, “சாமி சரணம், சாமி சரணம்... மன்னிச்சிக்கோங்க மேடம். நான் இப்டிப்பட்ட ஆளே கெடையாது. இப்போலாம் சுள்ளுனு வந்துடுது” என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

மேஜைக்கு இந்தப் பக்கம் அவர் குனிந்து பேசினபோது எனக்கு ஒன்று புரிந்தது. பூண்டு வாசனை. லேசாக அல்ல, பச்சைப் பூண்டை நறுக்கி மூக்கருகே வைத்தாற்போல. என் மூக்கு மோசமான மூக்கு, எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் எண்ணெய் மாற்றவில்லை என்றால் இரண்டாவது மாடியிலிருந்தே சொல்லிவிடுவேன். காலையில் பூண்டு ரசமா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, நகங்களைப் பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். நகங்கள் வெள்ளைக் கோடு ஓடி, ஓரம் ஓரமாகப் பிளந்திருந்தன.

“பூண்டு நிறையச் சேர்ப்பீங்களோ?” என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

இந்த முறை பொங்கியது கஸ்தூரி. அவள் பொங்கியது அழுகையாக. “பாத்தியா, மேடமும் கேட்டுட்டாங்க!” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “மேடம், மால போட்டதுலேர்ந்து எங்க ஊட்ல பூண்டே கெடையாது மேடம். வெங்காயமும் கெடையாது. இவுருக்குன்னு தனிப் பாத்திரம், தனி அடுப்பு. குளிக்காம அடுப்பாண்ட போவமாட்டேன். ஆனா பஜனைக்குப் போனா எல்லாரும் மூக்கப் பொத்திக்கினு தள்ளி ஒக்கார்றாங்க. கஸ்தூரி பூண்டு போட்டு ஆக்கறா, இல்லன்னா இவுரு வெளிய எங்கியோ பிரியாணி துன்றாருன்னு பேச்சு. எங்க ஊட்ல நடக்கற அன்னதானத்த இந்த வருசம் வேணாம்னுட்டாங்க மேடம்.”

விஷயம் இன்னும் பெரியது என்று போகப் போகத் தெரிந்தது. அந்த வருஷம் ஏழுமலைக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருஷம் சபரிமலை போகிறவர் ஒரு தென்னங்கன்றைச் சுமந்துபோய் வைப்பார். அதன்பின் அவர் குருசாமி. தலையில் சுமக்கும் அந்த இருமுடி மூட்டையை மற்றவர்களுக்குக் கட்டிவிடுகிற தகுதி வரும். அவர்கள் குழுவின் பழைய குருசாமிக்கு முட்டி போய்விட்டது, இனிமேல் மலையேற முடியாது. இந்த வருஷத்திலிருந்தே ஏழுமலைதான் எல்லோருக்கும் கட்டிவிட வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. இப்போது விரதத்தைக் கெடுத்தவன் கையால் கட்டிக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள். பூண்டு நாற்றம் போதாதென்று இந்தக் கோபம் வேறு. மாலை போட்டவனுக்குக் கோபம் வரக்கூடாதே, விரதம் கெட்டதால்தான் இப்படிக் கத்துகிறான் என்று அதையும் சாட்சியாக்கிவிட்டார்கள்.

ஏழுமலை தரையைப் பார்த்தபடி சொன்னார்: “மேடம், நான் மொதோ மால போட்டதே குடிய வுடறதுக்குத்தான். இத்தினி வருசமா தொட்டதில்ல. விரதத்தயே கெடுத்தவன், குடிக்காமயா கீறான்னு இப்போ பேசறாங்க. மூர்த்தியே பேசறான் மேடம். அவன மொதோ மலைக்கிக் கூட்டிக்கினு போனதே நாந்தான்.”

மூர்த்தி என்பது அவரோடு அதே பட்டறையில் வேலை செய்யும் உயிர்ச் சிநேகிதர் என்று கஸ்தூரி விளக்கினாள். குழுவில் அவர் பேச்சுக்குத்தான் மதிப்பாம். சத்தமாகப் பேசுகிறவர் பேச்சுக்கு எங்கேயும் மதிப்புத்தானே.

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் ஒழுக்கத்தைப் பற்றி ஊர் ஏதாவது பேசினால் நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம், அது நம் வேலை இல்லை என்று. எனக்கு அன்று சட்டென்று தோன்றியது: இந்த ஊர்ப்பேச்சை அப்படியே நோய்க்குறியாக எழுதிப் பார்த்தால் என்ன? பூண்டு சாப்பிடாத வாயில் பூண்டு நாற்றம். காரணமில்லாத எரிச்சல். முடி உதிர்கிறது. நகம் பிளக்கிறது. இந்த நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்து நின்றால் அதற்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. செலினியம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் உடம்பு அதை மூச்சு வழியாகவும் வெளியே தள்ளும். அந்த மூச்சு பூண்டு போலவே நாறும். படித்திருந்தேனே தவிர அதுவரை ஒருவரிடமும் முகர்ந்ததில்லை.

ஆனால் கேட்டால் இட்லி என்றார், சாதம் என்றார், மோர் என்றார். செலினியம் எங்கிருந்து வரும்? நம் நோயாளிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. இலையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. டீயோடு கடிக்கிற பன் சாப்பாடு அல்ல, கோயில் பிரசாதம் சாப்பாடு அல்ல, மருமகன் வாங்கித் தந்த சத்து மாத்திரை சத்தியமாகச் சாப்பாடு அல்ல. எனவே கேள்வியை மாற்றினேன். “சாமி, சாப்பாடுன்னு நெனைக்காம நீங்க வாயில போடுறது என்னென்ன?”

அவர் யோசித்தார். கஸ்தூரி யோசிக்கவில்லை, பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். “இத்த மட்டும் துன்னுவாரு மேடம். விரதத்துக்கு ஒண்ணும் தோசமில்லயே, கொட்டதானே?”

பழுப்புத் தோல் ஒட்டிய, கட்டைவிரல் பருமனான கொட்டைகள். பிரேசில் நட்ஸ்! கொட்டைகளிலேயே செலினியம் கொட்டிக் கிடப்பது இதில்தான். எனக்கு நாற்காலியிலிருந்து துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது, என் இடுப்புக்குப் பயந்து உட்கார்ந்துகொண்டேன். வானகரத்தில் அடுக்குமாடியில் இருக்கிற அவர்கள் மருமகன் ஐ.டி. கம்பெனிக்காரர். வேலையாக வெளிநாடு போய்வரும்போதெல்லாம், தைராய்டுக்கு நல்லது மாமா என்று மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மாமாவுக்கு லேசான தைராய்டு குறை இருந்தது உண்மை. நல்ல பிள்ளை, நல்ல எண்ணம், அளவுதான் யாரும் சொல்லவில்லை. நாளுக்கு ஒன்றோ இரண்டோ போதுமான கொட்டையை ஏழுமலை ஆடி மாதத்திலிருந்து பிடி பிடியாகத் தின்றிருக்கிறார். மாலை போட்ட பிறகு ஒருவேளைச் சாப்பாடு என்பதால் காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. போதாக்குறைக்கு மருமகன் வாங்கித் தந்த மாத்திரை ஒன்று. அந்த டப்பாவையும் தோல் டாக்டர் எழுதிய டப்பாவையும் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டிலும் செலினியம். முடி கொட்டக் கொட்ட மனுஷர் முடி கொட்ட வைப்பதையே மேலும் மேலும் விழுங்கியிருக்கிறார்.

எழுந்துபோய்ப் பொது மருத்துவரிடம் பேசினேன். இளம் டாக்டர், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர். கொட்டை, மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றே நிறுத்தச் சொன்னார். ஈரல் கோளாறிலும் வேறு சில நஞ்சுகளிலும்கூட மூச்சு நாறும் என்பதால் அதற்கான சோதனைகளும் எழுதினார். செலினியம் ரத்தப் பரிசோதனை எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது, வெளியே அனுப்ப வேண்டும், முடிவு வர ஒரு வாரத்துக்கு மேலாகும் என்றார்.

கஸ்தூரிக்கு அத்தனை நாள் இல்லை. “ஞாயித்துக்கெயம பஜனைல யாரு கட்டறதுன்னு முடிவு பண்றாங்க மேடம். நீங்க ஒரு நட வந்து, இது பூண்டு இல்ல, கொட்டன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டுப் போங்க. பட்டாபிராம் டேசன்லேர்ந்து கிட்டதான். ஆட்டோ வெச்சிக் கூட்டிக்கினு போறேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லுங்கள், நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்குள் முக்கால்வாசி நிச்சயம் இருந்தது. போய் நின்று பேசினால் அந்த வீட்டின் மானம் அன்றைக்கே திரும்பிவிடும். ஆனால் முக்கால்வாசி நிச்சயம் என்பது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக்கூடாத சரக்கு. நான் சொல்லிவிட்டு வந்த பிறகு சோதனையில் ஈரல் என்று வந்துவிட்டால்? ‘அப்போ குடிதான்’ என்று ஊர் ஒரே போடாகப் போட்டுவிடும். அதற்கப்புறம் எத்தனை சீட்டு காட்டினாலும் அவர் எழுந்திருக்க முடியாது. முடிவு வரட்டும் அம்மா, வந்த பிறகு நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

கஸ்தூரி கையை விட்டாள். “அப்போ நீங்களும் நம்பல” என்று மட்டும் சொன்னாள். ஏழுமலை சாமி சரணம் சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செய்தது சரிதான் என்று தெரியும், சரியைச் செய்தால் மனசு லேசாகும் என்று எவன் சொன்னான்? கனத்துக் கிடந்தது.

சனிக்கிழமை. ஓ.பி. முடிகிற நேரத்தில் கறுப்பு வேட்டியில் இரண்டு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவராம், பின்னால் சுவரோரம் நின்றுகொண்டார். முன்னால் வந்தவருக்கு நல்ல வாட்டசாட்டமான உடம்பு, அதற்கேற்ற குரல். “நாந்தான் மூர்த்தி” என்றார். அவர் பெயரைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

“மேடம், நான் சுத்தி வளச்சிப் பேசறவன் இல்ல. ஏழுமல உங்களாண்ட வந்தானாமே. ஒரே வார்த்த சொல்லுங்க. அவன் பூண்டு துன்றானா, இல்லயா? நாளிக்கி முடிவு பண்ணணும். எங்க தலைல கட்ற முடி மேடம், அத்தக் கட்ற கை சுத்தமா இருக்கணும்.”

“என்னைப் பாக்க வர்றவங்க விஷயத்தை நான் இன்னொருத்தர்கிட்ட பேசறதில்ல சாமி. நாளைக்கு நீங்க வந்தாலும் உங்க விஷயத்தை நான் அவர்கிட்ட பேசமாட்டேன்” என்றேன்.

“நான் எதுக்கு வரேன்? எனக்கின்னா நோவு? கல்லு மாதிரி கீறேன்!” குரல் ஏறிக்கொண்டே போனது. “அவன் எனக்குக் கூடப் பொறக்காத பொறப்பு மேடம்! அவன் கெட்டுப் போனான்னு சொல்றதுக்கு எனக்கு மட்டும் இன்னா ஆசயா? ராத்திரில தூக்கம் வர்ல எனக்கு! பஜனைல அவன் பக்கத்துல ஒக்காந்தா பூண்டு நாத்தம் அடிக்குது. கண்ண மூடிக்கினு சாமியக் கும்புட முடில!” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றி, என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

குப்பென்று அடித்தது. பூண்டு.

என் ஆயுசில் ஒரு நாற்றத்தை முகர்ந்து அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. கீழே பார்த்தேன். ஊன்றிய கைகளில் பத்து நகத்திலும் வெள்ளைக் கோடு.

அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழுமலையைப் பற்றி ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வரக்கூடாது. எதிரே நிற்கிறவரைப் பற்றி மட்டும் பேசலாம், அதற்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை.

“சாமி, கோவிச்சுக்காதீங்க. நீங்க பூண்டு சாப்பிடுறீங்களா?”

“இன்னாது? நானா?” மனுஷர் நிமிர்ந்த வேகத்தில் பின்னாலிருந்த நாற்காலி சாய்ந்தது. “மால மேல கைய வெச்சி சொல்றேன், பூண்ட கண்ணால பாக்கல! இன்னா மேடம் பேசறீங்க! டேய், நீ சொல்றா, என் வாயில பூண்டு வருதா?” என்று ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினார்.

ஆட்டோக்கார சாமி விட்டத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். “சொல்லுடா!” என்று இவர் மறுபடி அதட்டவும், “அண்ணாத்தே... ஒரு வாரமா உன்னாண்டயும் அடிக்குது. யாரு உன்கிட்ட சொல்றது?” என்று சொல்லிவிட்டு ஓரடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

மூர்த்தி உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தார். தன் வாய் நாற்றம் தனக்குத் தெரிந்தால் உலகத்தில் பாதிச் சண்டை இருக்காது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது. சாய்ந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

“சாப்பாடு இல்லாம தினமும் என்ன கொறிக்கிறீங்க சாமி?” என்றேன்.

“ஒண்ணுமில்லயே மேடம்... ஏழுமல குடுத்த கொட்டதான். வெளிநாட்டுக் கொட்ட. அவன் மருமகன் கொண்டாந்தது. எனக்கும் ஒரு பெரிய டப்பா குடுத்தான். நல்லா வெண்ண மாதிரி இருக்கும், பட்டறைல வேல செய்யச் சொல்லோ வாயில போட்டுக்கினே...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். ஆட்டோக்காரரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான்.

“மேடம்... அந்தக் கொட்டயா?”

“உங்களுக்கு அதுவா இருக்கலாம். ரத்தம் பார்த்தாத்தான் நிச்சயமாத் தெரியும். அதுவரைக்கும் ஒரு கொட்டை கூட வாயில வைக்காதீங்க. டாக்டரைப் பாத்துட்டுப் போங்க.”

அவருக்கு நான் சொன்னது பாதிதான் காதில் விழுந்திருக்கும். அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தது. “கஸ்தூரி தங்கச்சி ஊட்டுச் சோத்த வேணாம்னு நாந்தான் சொன்னேன் மேடம். அது வாசல்ல நின்னுக்கினு அய்துது. நான் பாத்துக்கினே வந்தேன்” என்றார். நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அழ வேண்டிய விஷயம்தான், அழட்டும் என்று விட்டுவிட்டேன். ரத்தம் கொடுத்துவிட்டுப் போகும்போது மட்டும், எதையும் இன்னும் அடித்துப் பேசாதீர்கள், முடிவு வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பஜனையில் மூர்த்தி எழுந்து, ரத்தப் பரிசோதனை வருகிற வரைக்கும் எந்த முடிவும் வேண்டாம் என்றாராம். யாரோ முணுமுணுத்ததற்கு, “நானும் ரத்தம் குடுத்துக்கீறேன், என் வாயயும் வந்து மோந்து பாரு” என்று ஒருவர் விடாமல் எல்லோர் முகத்திலும் ஊதிக் காட்டினாராம். அதன்பின் முணுமுணுக்க அங்கே யாருக்கும் மூச்சு இல்லை என்று கேள்வி.

முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் செலினியம் எகிறிக் கிடந்தது, ஏழுமலைக்கு அதிகம். மற்றச் சோதனைகளில் ஒரு குறையும் இல்லை. ஈரல் சின்னப் பையன் ஈரல் மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் ஏழுமலை மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாற்றம் அதற்குள்ளேயே குறைய ஆரம்பித்திருந்தது. கோபமும்தான். முடியும் நகமும் மெதுவாகத்தான் வரும், கொட்டையை நிறுத்தியதே மருந்து, வேறு மருந்தில்லை என்று சொல்லி அனுப்பினோம். கஸ்தூரி கிளம்பும்போது என்னருகே வந்து, “அன்னிக்கி உங்கள தப்பா நெனச்சிக்கினேன் மேடம்” என்றாள். நினைக்காமல் என்ன செய்வாள், பாவம்.

இருமுடி கட்டுகிற நாளுக்கு என்னை வீடு தேடி வந்து அழைத்தார்கள். நான் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு ரயிலில் பட்டாபிராம் போனேன். தெருவை அடைத்துப் பந்தல், மைக்செட், பந்தலுக்குள் தென்னங்கன்று மஞ்சள் பூசி நின்றது. ஏழுமலை உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகக் கட்டிக்கொண்டிருந்தார். முதல் முடியை யாருக்குக் கட்டியிருப்பார் என்று கேட்கிறீர்களா? மூர்த்திக்குத்தான். கட்டி முடித்ததும் மூர்த்தி காலில் விழ, பதிலுக்கு இவரும் அவர் காலில் விழ, யார் முதலில் எழுந்திருப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தரையிலேயே கிடந்தார்கள். சரணம் சொல்லிக்கொண்டிருந்த பழைய குருசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்த உணவில் என்ன சத்து என்று கேட்டால் போனில் பட்டென்று எடுத்துக் காட்டிவிடுவீர்கள், நான் பொறாமைப்படும் வேகம் அது. ஆனால் ஒரு தட்டில் இருக்கிற சோறு வெறும் சத்து மட்டும் இல்லை. ஆக்கினவள் பேர் அதில் இருக்கிறது, அவள் வீட்டு மானம் அதில் இருக்கிறது. அதை நீங்கள் கேள்வி கேட்கும்போது கொஞ்சம் பார்த்துக் கேளுங்கள். வாயை அவசரமாகத் திறக்காதீர்கள், மூக்கையும் காதையும் திறந்தே வையுங்கள். நான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

அன்னதானம் அந்த வருஷமும் கஸ்தூரி வீட்டில்தான் நடந்தது, நானும் போயிருந்தேன். பந்தி போட்டார்கள், ஆனால் முதல் பந்தியில் உட்கார எல்லோருக்கும் ஒரு கூச்சம். வேண்டாம் என்று சொன்ன வாய்கள் அல்லவா, இலைக்கு முன்னால் வந்துவிட்டு நீ உட்கார், நீ முதலில் உட்கார் என்று தள்ளிக்கொண்டு நின்றார்கள். கஸ்தூரி சாம்பார் வாளியோடு அசையாமல் நின்றாள். மூர்த்திதான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதன்பின் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுசோறு வாங்கியதும், “தங்கச்சி, இன்னும் கொஞ்சம் சாம்பார் வுடு” என்றார்.

கஸ்தூரி கரண்டியை வாளிக்குள் விட்டபடியே அவரைப் பார்த்தாள். “வுடறேண்ணா. ஆனா பூண்டு போட்டுக்கீறேன். பரவால்லயா?”

பந்தி முழுக்கக் கை அப்படியே நின்றது. ஏழுமலை திரும்பிப் பார்த்தார். மூர்த்தி நிமிர்ந்தார். சோற்றின் நடுவில் கையால் குழி பறித்து இடம் பண்ணி, “வுடு தாயி. நீ எத்தப் போட்டாலும் துன்றேன்” என்றார். அவள் சிரித்துக்கொண்டே, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டே, இலை நிறைய ஊற்றினாள்.